முக்திநாத் யாத்திரை: முன்பணம் கட்டும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

வாசகர் கேள்வி

“எங்கள் கிராமத்திலிருந்து 22 பேர், யாத்திரை ஏற்பாட்டாளர் ஒருவர் மூலமாகச் சித்திரை மாதம் நேபாளத்தில் உள்ள முக்திநாத் செல்லத் திட்டமிட்டுள்ளோம். நான், மனைவி, அம்மா மூவரும் போக விரும்புகிறோம். அம்மாவுக்கு 67 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை. வீட்டில் 3 கறவை மாடுகள் இருக்கின்றன. ‘எல்லாம் கைடு பார்த்துக்கொள்வார், பணத்தை மட்டும் கட்டுங்கள்’ என்கிறார்கள். நாங்கள் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?”

- வாசகர், நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.

பதில்

தங்கும் இடம், வண்டி, சாப்பாடு, வழி இவற்றையெல்லாம் கைடு பார்த்துக்கொள்வார். ஆவணம், உடல்நிலை, வீட்டில் விட்டுச் செல்லும் மாடு, பயிர் ஆகியவற்றைப் போகிறவர்தான் பார்க்க வேண்டும். இதில் எது தவறினாலும் கட்டிய பணம் திரும்பாது. சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அதனால் இவற்றை முடித்துவிட்டு முன்பணம் கட்டுவதே சரி.

முக்திநாத், 108 திவ்ய தேசங்களில் திருசாளக்கிராமம் என்று போற்றப்படும் தலம். பௌத்தர்களும் இங்கே வழிபடுகிறார்கள். நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

மலைப்பாதைக்கு ஏற்ற பருவங்கள் இரண்டு. மார்ச் முதல் மே வரை ஒன்று. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இன்னொன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். மண் சரிவில் பாதை அடைபடும், விமானங்களும் ரத்தாகும். மார்கழி, தை மாதங்களில் பனி கடுமையாக இருக்கும்.

டெல்டா விவசாயிக்கு ஐப்பசி, கார்த்திகை ஒத்துவராது. சம்பா நடவு முடிந்து களை, உரம், வடிகால் என்று வேலை நெருக்கும் நேரம்; வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். சம்பா அறுவடைக்குப் பிறகு தரிசில் விதைத்த உளுந்தை எடுத்து, காயவைத்து, விற்று முடித்தபின், குறுவை நாற்றங்காலுக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளிதான் வசதி. அந்த வகையில் சித்திரையின் பின்பாதி பொருத்தமானது. சித்திரை முதல் வாரத்தையொட்டி நேபாளத்திலும் புத்தாண்டு வருவதால் அறைகளுக்கும் வண்டிகளுக்கும் கூட்டம் அதிகம் இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்தால் நல்லது.

வேறு மாவட்டத்தினர் தங்கள் பயிரை வைத்து நாள் குறிக்க வேண்டும். தென்னை, வாழை வைத்திருப்பவர்களுக்குச் சித்திரையில்தான் தண்ணீர் பாய்ச்சும் வேலை அதிகம். அவர்கள் தோட்டத்துக்குப் பொறுப்பான ஆள் கிடைத்த பிறகே பெயர் கொடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட் இல்லாமல் போக முடியுமா?

முடியும். இந்தியர்கள் நேபாளம் செல்ல விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை, இரண்டில் ஒன்று போதும். அசல் அட்டையே கையில் இருக்க வேண்டும். நகலையும் செல்போனில் எடுத்த படத்தையும் நம்பிக் கிளம்பக்கூடாது.

பலர் தடுக்கி விழுவது ஆதாரில்தான். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டுமே நேபாளப் பயணத்துக்கு ஆதார் செல்லும். இடைப்பட்ட வயதுக்காரர் ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு விமான நிலையம் சென்றால், அங்கிருந்தே திரும்ப வேண்டியதுதான். இந்த வாசகரும் மனைவியும் வாக்காளர் அட்டை கொண்டு செல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆதார் போதும். ஆனால், அதில் உள்ள பிறந்த தேதியை ஒரு முறை பார்க்க வேண்டும். கிராமங்களில் பல பெரியவர்களின் ஆதாரில் வயது உத்தேசமாகப் பதிவாகியிருக்கிறது. வீட்டுக் கணக்கில் 67 ஆக இருந்து ஆதாரில் 63 என்று இருந்தால், அதிகாரிகள் 63 என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவருக்கும் வாக்காளர் அட்டையை எடுத்து வைப்பது பாதுகாப்பு.

அடுத்து, பெயர். அட்டையில் உள்ள எழுத்துகள் அப்படியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் இன்னொன்றிலும் இருப்பது, கணவர் பெயருக்குப் பதில் தந்தை பெயர் இருப்பது போன்றவை விமான நிலையத்தில் சிக்கலாகும். அட்டையின் நகலை ஏற்பாட்டாளரிடம் கொடுத்து, அதைப் பார்த்தே டிக்கெட் போடச் சொல்ல வேண்டும். வாக்காளர் அட்டையில் பிழை இருந்தால், படிவம் 8 கொடுத்துத் திருத்தலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், 3 மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

பாஸ்போர்ட் எடுக்க விரும்பினால், சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பல ஊர்களில் தலைமைத் தபால் நிலையத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இயங்குகிறது. காவல் துறை விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் அளவு புகைப்படம் ஆளுக்கு 6 எடுத்து வைக்கலாம். முக்திநாத் இருப்பது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள். அங்கே நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதற்கும், நேபாள சிம் கார்டு வாங்கவும் படம் தேவைப்படும்.

அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

கேள்வியில் உள்ளவற்றில் மிக முக்கியமானது இதுதான். பணம் கட்டும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

பொக்காரா நகரம் சுமார் 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிறிய விமானத்தில் ஏறினால் 20 நிமிடத்தில் ஜோம்சோம் வந்துவிடும். அது 2,700 மீட்டர். அங்கிருந்து ஜீப்பில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முக்திநாத். காலையில் சமவெளிச் சூட்டில் இருந்த உடம்பு, மதியத்துக்குள் 3,700 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு இதற்குப் பழக ஓரிரு நாட்கள் வேண்டும். அந்த அவகாசம் கொடுக்காமல் ஏறினால் தலைவலி, குமட்டல், மயக்கம், பசியின்மை, தூக்கமின்மை வரலாம்.

‘காலமெல்லாம் வயலில் உழைத்த உடம்பு, ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. மலை உயர நோய் நல்ல உடல்கட்டு உள்ள இளைஞரையும் பிடிக்கும். பக்கத்தில் நிற்கும் பாட்டியை விட்டுவிடும். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எனவே, செய்ய வேண்டியவை:

● அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, ‘3,700 மீட்டர் உயரமுள்ள மலைக்குப் போகிறோம்’ என்று உயரத்தையும் சேர்த்துச் சொல்லவும். ‘கோயிலுக்குப் போகிறோம்’ என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு விவரம் புரியாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மேலே போனதும் சிரமம் கூடும்.

● இதய நோய், நாள்பட்ட நுரையீரல் நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் அனுமதியின்றி ஏறவே கூடாது.

● மலை உயர நோயைத் தடுக்க மாத்திரை உண்டு. ஆனால், அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டி, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே வாங்க வேண்டும். உடன் வருபவர் கொடுத்தார் என்று வாங்கி விழுங்கக்கூடாது.

● ஜோம்சோமிலோ, அருகில் உள்ள மார்பாவிலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் முக்திநாத் சென்று, அன்றே கீழே இறங்கும்படி பயணத்திட்டம் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்கவும். ஒரே நாளில் ஏறி இறங்கும் திட்டம் என்றால், வயதானவர்களுக்காக ஒரு நாள் கூட்டச் சொல்லலாம்.

● வழக்கமான மாத்திரைகளை, பயண நாட்களைவிட 5 நாட்களுக்குக் கூடுதலாக, மருந்துச் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

● மேலே போனதும் மெதுவாக நடக்க வேண்டும். அடிக்கடி வெந்நீர் குடிக்க வேண்டும். மது கூடாது. தலைவலி வந்தால், அதற்கு மேல் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது ஆகியவை தெரிந்தால் நள்ளிரவாக இருந்தாலும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். கீழே இறங்குவதுதான் அதற்கு முதல் மருந்து.

கோயிலில் 108 தாரைகளில் மலை நீர் கொட்டும். முன்னால் இரண்டு குளங்களும் உண்டு. தண்ணீர் பனிக்கட்டிபோல இருக்கும். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்குக் கொஞ்ச தூரம் மேடும் படியும் ஏற வேண்டும். 2 மாதங்களுக்கு முன்பிருந்தே தினமும் 4 கிலோமீட்டர் நடந்து பழகினால், மூட்டும் மூச்சும் ஒத்துழைக்கும்.

மருத்துவர் வேண்டாம் என்றால், அம்மாவின் யாத்திரை அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். காத்மாண்டு பசுபதிநாதர் கோயில் சுமார் 1,400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பொக்காராவும் தாழ்வான ஊர். மற்றவர்கள் முக்திநாத் சென்று திரும்பும் வரை அம்மா பொக்காராவில் ஒரு துணையுடன் தங்கலாம். மனைவியும் மகனும் முறைவைத்து இருந்துகொள்ள முடியாது. குழு ஒரே முறைதான் மேலே போகும். அதனால் தங்கப்போவது யார் என்பதை ஊரிலேயே பேசி முடித்து, அந்த அறைக்கான கட்டணத்தையும் ஏற்பாட்டாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டியவை

ஜோம்சோம் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் பலத்த காற்று வீசும். அதனால் காலையில் மட்டுமே விமானம் பறக்கும். மேகம் இறங்கினால் அதுவும் இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பது அங்கே சகஜம். சாலை வழியாகப் போகலாம். ஆனால், நாள் முழுக்கக் குலுங்கும் மலைப்பாதை. விமானம் ரத்தானால் டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா, கூடுதல் நாள் அறை வாடகையும் சாப்பாடும் யார் செலவு, ஜீப்பில் போவதானால் அந்தக் கட்டணம் யாருடையது என்று கேட்க வேண்டும். தகராறு பெரும்பாலும் இங்கேதான் வரும்.

ஜோம்சோம்–முக்திநாத் ஜீப், அனுமதிச் சீட்டு, ஓர் அறைக்கு எத்தனை பேர், வெந்நீர், காப்பீடு ஆகியவை கட்டணத்தில் அடக்கமா என்பதையும் தாளில் எழுதி வாங்க வேண்டும். காப்பீடு எடுத்தால், எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பார்க்கவும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் இழப்பீடு தராத பாலிசிகள் உண்டு.

பணத்தை வங்கி வழியாகச் செலுத்தி, ரசீது வாங்கவும். வெளிநாட்டுச் சுற்றுலாக் கட்டணத்துடன் டி.சி.எஸ் என்ற வரியை வசூலித்தால், அது உங்கள் பான் எண்ணில் பதிவாக வேண்டும். வருமான வரி கட்டத் தேவையில்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம்.

ஊர் திரும்பும் ரயில், விமான டிக்கெட்டை நேபாளத்திலிருந்து இறங்கும் நாளுக்கே போடக்கூடாது. இரண்டு நாட்கள் இடைவெளி விட வேண்டும். 2025 செப்டம்பரில் நடந்த போராட்டத்தின்போது காத்மாண்டு விமான நிலையமே மூடப்பட்டது. இந்தியத் தூதரகத்தின் உதவி எண்ணைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொண்டு, வீட்டிலும் ஒரு நகல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

பணம், செல்போன், துணிமணி

இந்திய 100 ரூபாய்க்கு நேபாளத்தில் 160 ரூபாய். இந்த விகிதம் 1993 முதல் மாறவில்லை. 2018 டிசம்பரில், 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாள அரசு தடை செய்தது. இந்த விதி அவ்வப்போது மாறக்கூடியது என்பதால், கிளம்பும் வாரத்தில் வங்கியில் கேட்டுக்கொள்ளவும். எப்படியிருந்தாலும் 100 ரூபாய் நோட்டுகளாகக் கொண்டு செல்வதே சிரமமில்லாதது. நகரக் கடைகள் பலவற்றில் யு.பி.ஐ வேலை செய்கிறது. மலைமேல் அதை நம்ப வேண்டாம். நம் சிம் கார்டு அங்கே வேலை செய்ய ரோமிங் வசதி போட வேண்டும். குழுவுக்கு ஒன்றிரண்டு நேபாள சிம் வாங்கினால் செலவு குறையும். அங்கே நம்மைவிட 15 நிமிடம் நேரம் கூடுதல். விமானம், பேருந்து நேரம் பார்க்கும்போது இதைக் கவனிக்கவும்.

சித்திரையிலும் முக்திநாத்தில் விடியற்காலை உறைய வைக்கும் குளிர் இருக்கும். உள்ளே ஒட்டினாற்போல் போடும் கம்பளி உடை, ஸ்வெட்டர், காற்று புகாத மேலங்கி, குல்லாய், கையுறை, காலுறை, வழுக்காத ஷூ வேண்டும். புது ஷூவை ஊரிலேயே ஒரு மாதம் போட்டுப் பழக்க வேண்டும். காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் புழுதி பறக்கும். முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குத் தடவ வாஸ்லின் தேவை. சிறிய விமானத்தில் சுமைக்குக் கட்டுப்பாடு உண்டு. பெரிய பையைப் பொக்காராவில் வைத்துவிட்டு, சின்னப் பையுடன் ஏற வேண்டும்.

சமையல்காரரை அழைத்துச் செல்லும் குழுக்கள் குக்கரை மறக்கக்கூடாது. அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது.

ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பெயர், ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, கைடின் எண், தங்கும் விடுதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய அட்டை இருக்கட்டும். வழி தவறினாலும், மயங்கி விழுந்தாலும், பாஷை தெரியாத ஊரில் அந்த அட்டைதான் பேசும்.

மாடும் வயலும்

கறவை மாடு கை மாறினால் பாலைக் குறைக்கும். பார்த்துக்கொள்ளப் போகிறவர், கிளம்புவதற்கு 10 நாட்களுக்கு முன்பிருந்தே கூட இருந்து தீவனம் வைத்து, பால் கறந்து பழக வேண்டும். பயண நாட்களில் கன்று ஈனும் மாடு இருந்தால், பயணத்தைத் தள்ளிப்போடலாம். அல்லது வீட்டில் ஒருவர் நின்றுகொள்ளலாம். அடர்தீவனமும் வைக்கோலும் 20 நாட்களுக்குச் சேர்த்து வைக்கவும். கால்நடை மருத்துவரின் எண்ணையும், ஒவ்வொரு மாட்டுக்கும் எவ்வளவு தீவனம் என்பதையும் எழுதி, கொட்டகையில் ஒட்டிவிடவும். கோமாரித் தடுப்பூசி போட வேண்டியிருந்தால் முன்பே போட்டுவிடவும்.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனின் தவணைத் தேதியைப் பார்க்கவும். உரிய தேதிக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. அந்தத் தேதி பயண நாட்களுக்குள் வந்தால், கட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். நகைக் கடனுக்கும் இதே கணக்குத்தான். குறுவைக்கு விதை, உழவு, நடவுக் கூலிக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்தபின் மிஞ்சுவதில் போவதுதான் யாத்திரை. நகையை அடகு வைத்துப் போனால், திரும்பி வந்ததும் முதல் உழவுக்கே கை ஏந்த வேண்டியிருக்கும்.

“முக்திநாத் செல்பவர்களுக்கு அரசு மானியம் உண்டா?”

- வாசகி, திண்டிவனம்.

உண்டு. தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை, மானசரோவர், முக்திநாத் யாத்திரை முடித்துத் திரும்பிய தமிழகத்தைச் சேர்ந்த இந்துக்களுக்கு மானியம் வழங்குகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கு மட்டுமே கிடைக்கும். யாத்திரை முடித்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், டிக்கெட், அனுமதிச் சீட்டு, விடுதி ரசீது, ஏற்பாட்டாளரின் ரசீது எதையும் தூக்கிப் போடக்கூடாது. தொகையும் கடைசித் தேதியும் துறையின் அறிவிப்பில் வரும். மானியம் வரும் என்று எண்ணிக் கடன் வாங்க வேண்டாம்.

“நேபாளத்தில் ஆப்பிள், பெரிய ஏலக்காய் நிறைய விளைகிறதாமே? வரும்போது கன்று, விதை எடுத்து வரலாமா?”

- வாசகர், போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.

கூடாது. தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை 2003-ன்படி, நடவுக்கான செடி, கிழங்கு, விதை ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முன் அனுமதியும், அந்த நாட்டுத் தாவர நலச் சான்றும் வேண்டும். இமயமலைப் பகுதியின் பெரிய ஏலக்காயில் ‘சிர்கே’, ‘ஃபூர்கே’ என்ற இரண்டு வைரஸ் நோய்கள் உண்டு. இரண்டையும் அசுவினி பரப்பும். பைக்குள் வைத்துக் கொண்டுவரும் ஒரு கிழங்கால் ஏலமலைக்கு என்ன வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ஆப்பிள் மரத்துக்கோ நீண்ட குளிர்கால உறக்கம் தேவை. சமவெளியில் நட்டால் இலைதான் மிஞ்சும்.

மார்பா கிராமத்தில் ஆப்பிள் தோட்டங்களையும், பழத்தை வில்லைகளாக நறுக்கி உலர்த்தி விற்பதையும் பார்க்கலாம். விலை குறையும் நேரத்தில் பழத்தை வீணாக்காமல் காசாக்கும் அந்த முறை, நம் ஊர் வாழை, மா விவசாயிகளும் கவனிக்க வேண்டிய ஒன்று. திரும்பும்போது ஷூவில் ஒட்டிய மண்ணை அங்கேயே கழுவிவிட்டு வரவும்.